ஆர்னிகா பூ ஊறிய பாட்டில்: தடவ மட்டும்தானா, அம்மா உள்ளுக்கும் சாப்பிடலாமா?

கருங்காட்டுக்குயில் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் பக்கத்தில் இருக்கிறேன். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், வயது 67. போன செவ்வாய்க்கிழமை துணி துவைக்கக் கீழ்த்தளத்துக்கு இறங்கும்போது கால் இடறி, கடைசி மூன்று படியைச் சறுக்கிக்கொண்டே போய் உட்கார்ந்துவிட்டார். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் இடது முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கட்டிக் கத்திரிக்காய் நிறத்தில் இருக்கிறது, கணுக்கால் வேறு சுளுக்கு. கட்டின் ஓரத்தில் தோல் கொஞ்சம் உரிந்தும் இருக்கிறது.

மேல்வீட்டு ஜெர்மன் பாட்டி விஷயம் கேள்விப்பட்டதும் ஒரு பாட்டிலோடு இறங்கி வந்துவிட்டார். பழைய ஜாம் பாட்டில், உள்ளே வெளிறிப்போன மஞ்சள் பூக்கள் மேலே மிதக்கின்றன, தண்ணீர் கட்டஞ்சாயா நிறம். மூடியைத் திறந்தால் முதலில் சாராய நெடி, அப்புறம் காய்ந்த வைக்கோலும் மூலிகையும் கலந்த மாதிரி ஒரு வாசம். காகிதத்தில் 'ஆர்னிகா' என்று கையால் எழுதி ஒட்டியிருக்கிறார். அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது, பாட்டிக்குத் தமிழ் தெரியாது. தன் முழங்காலைத் தேய்த்துக் காட்டினார், வாயைத் தொட்டு விரலை ஆட்டி 'நைன், நைன்' (கூடாது, கூடாது) என்றார். அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அம்மாவுக்குத் திருப்தி இல்லை.

அம்மா கேட்பது இதுதான். வெளியே தடவியே இவ்வளவு கேட்கும் என்றால் உள்ளே ஒரு ஸ்பூன் போனால் இன்னும் சீக்கிரம் கேட்காதா? எங்கள் மாமா ஒவ்வொரு தடவை வண்டியிலிருந்து விழும்போதும் ஆர்னிகா 200 மாத்திரை வாங்கிச் சாப்பிடுவார், அது உள்ளே போகும்போது இது ஏன் போகக்கூடாது? எனக்கு இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஊரில் ஆர்னிகா ஹேர் ஆயில் என்று விற்பதும் இதே பூதானா? இன்னொன்று, கீழே விழுவதற்கு முந்தைய வாரம் ஃபெல்ட்பெர்க் பக்கம் நடக்கப் போனபோது அந்த மலை மேய்ச்சலில் இதே மாதிரி மஞ்சள் பூ நிறையப் பார்த்தோம். பறித்துவந்து நாமே போட்டுக்கொள்ளலாமா என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பாட்டில் இப்போதைக்கு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

கல்வம் எழுதியது:

மருந்தாளுநராக இங்கே ஒரு மருந்துக்கடையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: உள்ளுக்குக் கொடுக்காதீர்கள், ஒரு ஸ்பூன்கூட வேண்டாம். மேல்தட்டில் வைத்தது நல்லது. மேல்வீட்டுப் பாட்டி விரலை ஆட்டியதுதான் இந்தப் பூவைப் பற்றிய மிக முக்கியமான மருத்துவ அறிவு.

காரணம், அந்தப் பூவில் இருக்கும் ஹெலனாலின் என்கிற சரக்கும் அதன் உறவுக்காரச் சரக்குகளும்தான். இவை உடம்பின் அழற்சியைத் தூண்டிவிடும் ஒரு புரதத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. இதைச் சோதனைச்சாலையில் காட்டியவர்களில் முக்கியமானவர்கள் 1990-களின் பிற்பகுதியில் உங்கள் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்திலேயே இருந்தார்கள். வீக்கத்தைக் குறைப்பது எதுவோ, அதுவேதான் ஆபத்தும். புரதம் எங்கே கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு. காயமில்லாத முழுத்தோல் மேல் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். வயிற்றுக்குள் போனால் குடல் சவ்வை அரித்து வாந்தி பேதி, அளவு கூடினால் படபடப்பு, இதயத்துடிப்புத் தாறுமாறாவது, மூச்சுத் திணறல் வரைக்கும் போகும். உயிர் போன சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன.

உள்ளுக்குச் சாப்பிடும் வழக்கமே இருந்ததில்லை என்று சொல்லமாட்டேன். பழைய காலத்தில் நெஞ்சு நோவுக்கும் காய்ச்சலுக்கும் ஆர்னிகா தேநீர் கொடுத்திருக்கிறார்கள், கவிஞர் கேதே 1823-ல் நெஞ்சுக் கோளாறில் படுத்தபோது அதைக் கேட்டு வாங்கிக் குடித்தார் என்பது இங்கே எல்லா மூலிகைக்காரர்களும் சொல்லும் கதை. பயன்படும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு, அதோடு ஒவ்வொரு பூவிலும் சரக்கின் அளவு மாறும் என்பதால்தான் அதைக் கைவிட்டார்கள். ஜெர்மனியின் மூலிகைக் குழு 1984-ல் இதற்கு ஒப்புதல் தந்தபோதும் வெளிப்பூச்சுக்கு மட்டும்தான் தந்தது. ஐரோப்பிய மருந்து முகமை இன்று சொல்வதும் அதேதான்: ரத்தக்கட்டு, சுளுக்கு, ஓரிடத்துத் தசைவலி, முழுத்தோலின் மேல் மட்டும்.

மாமாவின் மாத்திரை விஷயம். அம்மா கேட்டது நல்ல கேள்வி, பலரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். ஹோமியோபதியில் 200 என்றால், ஒரு பங்கைத் தொண்ணூற்றொன்பது பங்கோடு கலந்து, அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மறுபடி கலந்து, இப்படி இருநூறு தடவை. பன்னிரண்டு பதின்மூன்று தடவை தாண்டும்போதே பூவின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவதற்கு வாய்ப்பு அநேகமாகப் போய்விடும். அதனால் அந்த மாத்திரை அவரை நஞ்சூட்டவில்லை. ஆனால் பூ அதில் இல்லாததால்தான் நஞ்சூட்டவில்லை. பாட்டியின் பாட்டிலில் பூ இருக்கிறது. பெயர் ஒன்று என்பதால் இரண்டையும் ஒரே பொருளாக நினைத்துவிடக் கூடாது. ஊரில் ஹோமியோபதிக் கடைகளில் 'மதர் டிங்சர்' என்று விற்பது மட்டும் நீர்க்காத சாறு, அதையும் குடிக்கக் கூடாது.

தடவினால் கேட்குமா என்றால், ஓரளவு கேட்கும் என்பேன். 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் கைவிரல் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரை எடுத்து, பாதிப்பேருக்கு ஆர்னிகா ஜெல், மீதிப்பேருக்கு இபுப்ரோஃபென் என்கிற வலிநிவாரணி ஜெல் என்று மூன்று வாரம் தடவச் செய்து பார்த்தார்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வலியைக் குறைத்தன. மருந்தில்லாத வெறும் ஜெல்லோடு ஒப்பிடவில்லை என்பது அதில் ஒரு குறை. ரத்தக்கட்டுக்குச் செய்த ஆய்வுகள் இவ்வளவு தெளிவாக இல்லை, ஆனால் தலைமுறை தலைமுறையாக அதற்குத்தான் போட்டுவருகிறார்கள்.

போடுவதென்றால் ஒரு கரண்டிச் சாற்றுக்கு ஐந்து கரண்டியாவது ஆறின தண்ணீர் சேர்த்து, துணியில் நனைத்து, அரை மணி நேரம் வைத்து எடுத்துவிடுங்கள். தோல் உரிந்த இடத்தில் படவே கூடாது.

ஆனால் அதற்கு முன்னால் இரண்டு கேள்வி. அம்மா ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? ஆமாம் என்றால் அந்தக் கட்டை மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். இரண்டாவது, ஊரில் பார்த்தீனியம் செடி பட்டு அவருக்கு எப்போதாவது அரிப்பு, படை வந்திருக்கிறதா? இதற்குப் பதில் தெரியாமல் ஒரு சொட்டும் போடாதீர்கள்.

ஆரேக்கரை எழுதியது:

நான் சுவிஸில் பேர்ன் பக்கம் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன், வந்து இருபத்தாறு வருடம். எங்கள் இல்லத்தில் இருக்கிற எமென்டால் விவசாயக் குடும்பத்து ஆக்களுக்கு ஆர்னிகா என்றால் எங்கட அம்மம்மாவுக்கு வேப்பெண்ணெய் மாதிரி. கால் நோ, முதுகு நோ, கதவில் விரல் நசுங்கினது, எல்லாவற்றுக்கும் முதலில் வாயில் வருகிற பெயர் அதுதான். ஒரு வயோதிப ஐயா சொல்லுவார், அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாட்டுக்குக் கால் சுளுக்கினாலும் அதே பாட்டில்தானாம், மனுசருக்கு ஒன்று மாட்டுக்கு ஒன்று என்று வைப்பதில்லையாம்.

தங்கச்சி, கல்வம் சொன்ன தண்ணீர்க் கணக்கைக் கட்டாயம் பின்பற்றுங்கோ. நான் பட்டு அறிந்தவள். வந்த புதிதில் பனியில் வழுக்கி மணிக்கட்டு உளுக்கிவிட்டது. தெரிந்த ஒருவர் வீட்டில் செய்த ஆர்னிகாச் சாற்றைத் தந்தார். கூடப் போட்டால் கெதியாக மாறும் என்று தண்ணீர் சேர்க்காமல் பஞ்சில் தோய்த்து, மேலே பாண்டேஜ் சுற்றி, அப்படியே நித்திரைக்குப் போய்விட்டேன். விடிய எழும்பிப் பாண்டேஜை அவிழ்த்தால் பஞ்சு இருந்த சதுரம் அப்படியே சிவந்து, அதற்குள் கொத்தமல்லி விதை அளவில் நீர்க்கொப்புளம் வரிசை வரிசையாக. பத்து நாள் எடுத்தது காய. உளுக்கு நோ மூன்று நாளில் மாறிவிட்டது, தோல் எரிவுதான் என்னை வேலைக்குப் போகவிடாமல் வைத்தது. மூடிக் கட்டவே கூடாது என்று பிறகுதான் தோல் வைத்தியர் சொன்னார்.

பழைய ஆக்களிடம் இந்தப் பூவைப் பற்றிக் கேட்டால் மருந்துக்கு மேலாலும் நிறையக் கதை வரும். ஜெர்மன் பேசுகிற மலைப்பக்கங்களில் ஜூன் 24, யோவான் திருநாளை ஒட்டி இந்தப் பூவைப் பறித்து வயலின் மூலைகளில் நட்டுவைப்பார்களாம், தானியத்தைக் கெடுக்கிற பேய் அண்டாது என்று. இடி மின்னல் வந்தால் காய்ந்த பூவை அடுப்பில் போட்டுப் புகைப்பது, 'ஆர்னிகாவைக் கொளுத்து, கொளுத்து, இடிமேகம் பிரிந்து போகட்டும்' என்று சொல்லுகிற மாதிரி ஒரு பாட்டும் உண்டு. பிரான்ஸின் வோஜ் மலையில் இதற்குப் பெயரே வோஜ் புகையிலை. இலையைக் காயவைத்துப் புகைத்திருக்கிறார்கள், பொடியாக மூக்கில் இழுத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தது இந்த முழு வரலாற்றோடும்தான், அதனால் போடாவிட்டாலும் அவவுக்கு நல்லபடி நன்றி சொல்லுங்கோ.

புல்லும்பூவும் எழுதியது:

பறிக்கலாமா என்ற கேள்வியை யாரும் தொடவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். நான் தாவரவியல் படித்தவன், தெற்குக் கருங்காட்டில் (பிளாக் ஃபாரஸ்ட்) மலைப்புல்வெளிகளைக் காக்கும் தன்னார்வக் குழுவோடு ஏழு கோடைகளாகப் போய்வருகிறேன். பறிக்காதீர்கள். ஜெர்மனியில் ஆர்னிகா சட்டப்படி காக்கப்பட்ட செடி, காட்டில் வளர்ந்ததில் ஒரு பூவைக்கூடக் கிள்ளக் கூடாது. நீங்கள் போன ஃபெல்ட்பெர்க் 1937-லிருந்து இயற்கைக் காப்பிடம் வேறு.

சட்டத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் செடியின் வாழ்க்கை. இது நன்றாக வளர உரம் போடக் கூடாது. சுண்ணாம்பு ஆகாது, புளிப்பு மண் வேண்டும், சத்தில்லாத மண் வேண்டும். நம் ஊர் விவசாயிக்கு இது தலைகீழாகத் தெரியும். கொஞ்சம் எரு விழுந்தாலும் மற்றப் புற்கள் தளதளவென்று உயர்ந்துவிடும், இதன் இலைகளோ ரோஜாப்பூ விரித்த மாதிரி தரையோடு தரையாகப் படுத்துக் கிடப்பவை, வெயில் இல்லாமல் இரண்டு மூன்று வருடத்தில் காணாமல் போய்விடும். மாடு மேயாமல் விட்டாலும் புதர் மூடி இதே கதிதான். கருங்காட்டில் ஹின்டர்வெல்டர் என்று ஒரு சின்ன உருவ மாட்டினம் உண்டு, செங்குத்துச் சரிவில் ஆடு மாதிரி நின்று மேயும். நூற்றாண்டுகளாக அந்த மாடுகள் மேய்ந்து, எருவும் போடாமல் விட்ட பொதுமேய்ச்சல் நிலத்தில்தான் ஆர்னிகா தங்கியிருக்கிறது. மாட்டுக்காரர்கள் குறைந்தால் பூவும் குறைகிறது. இந்தப் பூவுக்காக நாங்கள் செய்யும் வேலையில் பாதி, ஓர் இளம் விவசாயியை மலையில் மாடு வைத்துக்கொள்ளச் சம்மதிக்க வைப்பதுதான்.

வோஜ் மலையை ஆரேக்கரை அக்கா குறிப்பிட்டார். அங்கே மார்க்ஷ்டைன் என்ற மலைவெளிதான் பிரான்ஸின் பெரிய ஆர்னிகாப் பறிப்பிடம், 1200 மீட்டர் உயரம். கோடையில் சில நாட்கள் கையாலேயே பறித்து மருந்து நிறுவனங்களுக்கு அனுப்புவார்கள். 2007-ல் விவசாயிகள், பறிப்பவர்கள், நிறுவனங்கள், உள்ளூராட்சி எல்லாரும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள், அந்த வெளியில் உரமும் சுண்ணாம்பும் போடுவதில்லை என்று. ஒப்பந்தம் நன்றாகத்தான் நடந்தது, ஆனால் சமீப வருடங்களில் வறட்சி வந்து பூ மிகவும் குறைந்துவிட்டது. ருமேனியாவின் அபுசேனி மலையிலும் இதேபோல் சிறு விவசாயிகள் வைக்கோல் அறுப்பதற்கு முன்னால் பூ பறித்துக் காயவைத்து விற்கிறார்கள். உங்கள் தெரு மருந்துக்கடைக் களிம்பில் இருப்பது இப்படி எங்கிருந்தோ வந்தது, இல்லையென்றால் வயலில் வளர்த்தது. வயலில் வளர்க்க பவேரியாவில் 'ஆர்போ' என்று ஒரு ரகம் உருவாக்கியிருக்கிறார்கள்.

அப்புறம், நீங்கள் பார்த்தது ஆர்னிகாதான் என்று எப்படித் தெரியும்? மலையில் மஞ்சள் செவ்வந்தி மாதிரிப் பூக்கும் செடி ஒரு டஜன் இருக்கும். ஆர்னிகாவின் தண்டில் இலை இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கும், அதுவும் ஒரு ஜோடி, மிஞ்சினால் இரண்டு ஜோடி. மற்றவற்றில் பெரும்பாலும் மாறி மாறி இருக்கும். தண்டு முழுக்க மெல்லிய ரோமம். பூவின் இதழ்கள் வரிசையாக நிற்காமல் காற்றில் கலைந்த முடி மாதிரி இருக்கும், ஒவ்வோர் இதழின் நுனியிலும் மூன்று சின்னப் பற்கள். நிறம் எலுமிச்சை மஞ்சள் இல்லை, முட்டைக் கருவில் கொஞ்சம் காவி கலந்த மஞ்சள்.

பூவின் நடுவைப் பிரித்தால் பல நேரம் உள்ளே வெள்ளைப் புழு இருக்கும், ஆர்னிகாப் பூவுக்குள் வளரும் ஒரு பழ ஈயின் குஞ்சு. பழைய மருந்தாளுநர்கள் அதனால்தான் அடிக்கிண்ணத்தை நீக்கிவிட்டு இதழ்களை மட்டும் வாங்கினார்கள். மேல்வீட்டுப் பாட்டியின் பாட்டிலில் முழுப்பூவா, இதழா என்று பார்த்துச் சொல்லுங்கள், எனக்கு ஆர்வமாக இருக்கிறது.

கருங்காட்டுக்குயில் எழுதியது:

மூவருக்கும் ரொம்ப நன்றி. கல்வம் சார், உங்கள் இரண்டாவது கேள்வியைப் படித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அம்மாவிடம் கேட்டேன். ரத்த மாத்திரை எதுவும் இல்லை. ஆனால் பார்த்தீனியம்... எட்டு வருடத்துக்கு முன் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலிமனையில் அந்தச் செடியைக் கையால் பிடுங்கிவிட்டு, முன்கை, கழுத்து, கண்ணிமை எல்லாம் தடித்து வீங்கி, ஒரு மாதம் மருந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு மழை முடிந்து அந்தச் செடி பூக்கிற நாட்களில் வெளியே போனாலே கழுத்தைச் சொறிவார். எனக்கு அது மறந்தே போயிற்று. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? பாட்டிலைத் தொடவில்லை.

புல்லும்பூவும், பாட்டிலில் முழுப்பூ, காம்பு மட்டும் இல்லை. பாட்டியிடம் கேட்டேன், தன் தங்கை வீட்டுத் தோட்டத்தில் தொட்டியில் வளர்ப்பதாம். சின்ன வயதில் மட்டும் அம்மாவோடு மலைக்குப் போய் ஏப்ரன் நிறையப் பறிப்பார்களாம்.

கல்வம் எழுதியது:

நல்லவேளை கேட்டீர்கள். பார்த்தீனியமும் ஆர்னிகாவும் ஒரே சூரியகாந்திக் குடும்பம். பார்த்தீனியத்தில் அரிப்பைக் கொடுக்கும் பார்த்தெனினும் ஆர்னிகாவின் ஹெலனாலினும் வேதியியலில் நெருங்கிய பங்காளிகள், தோலில் ஒட்டிக்கொள்ளும் கொக்கி இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றுக்குப் பழகி எதிர்க்கக் கற்றுக்கொண்ட உடம்பு மற்றதைக் கண்டாலும் எதிர்க்க வாய்ப்பு அதிகம். ஐரோப்பியப் புத்தகங்களில் 'சாமந்திக் குடும்ப ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவும்' என்று ஒரு வரிதான் இருக்கும், நம் ஊரில் அந்த ஒவ்வாமை எத்தனை பேருக்கு, எந்தச் செடியால் வந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் தமிழ்நாட்டிலிருந்து வரும் பெரியவர்கள் ஆர்னிகா கேட்டால் நான் முதலில் பார்த்தீனியம் பற்றிக் கேட்பேன். அம்மாவுக்கு ஆர்னிகா எந்த வடிவத்திலும் வேண்டாம். கையில் ஒரு சொட்டு வைத்துச் சோதித்தும் பார்க்க வேண்டாம்.

ஹேர் ஆயிலும் அப்படித்தான். அதில் போடுவது இதே ஆர்னிகாவின் சாறுதான், எண்ணெய்க்கு எண்ணெய் அளவு மாறும். முடி வளர்க்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. அவர் தலையில் அரிப்பு இருந்து அந்த எண்ணெயும் தேய்த்துக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

இன்னொரு விஷயம். நம் வெட்டுக்காயப் பூண்டும் இதே குடும்பம்தான், அதைக் கசக்கித் திறந்த காயத்தில் பிழிந்து பழகியவர்களுக்கு ஆர்னிகாவையும் அப்படிப் போடத் தோன்றும். ஆர்னிகாவுக்கு அது நேரெதிர்.

ரத்தக்கட்டு அநேகமாக இரண்டு மூன்று வாரத்தில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறித் தானே கரையும். கணுக்காலுக்கு ஏதாவது தடவியே ஆக வேண்டும் என்றால் மருந்துக்கடையில் பைன்வெல் (ஆங்கிலத்தில் காம்ஃப்ரி) என்ற செடியின் களிம்பு கேளுங்கள். அது வேறு குடும்பம், சுளுக்குக்கு நல்ல ஆய்வுகளும் உண்டு. அதுவும் முழுத்தோல் மேல் மட்டும், உள்ளுக்கு அறவே கூடாது. கால் வீக்கம் ஏறினாலோ கெண்டைக்கால் சூடாக இறுகினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கருங்காட்டுக்குயில் எழுதியது:

பைன்வெல் களிம்பு வாங்கிப் போட்டாயிற்று, வீக்கம் வடிந்திருக்கிறது, கத்திரிக்காய் நிறம் ஓரத்தில் மஞ்சளாகிவிட்டது. பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது கைப்பேசியில் மொழிபெயர்த்து விஷயத்தைச் சொன்னேன். பாட்டி கொஞ்சம்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை, தன் அக்கா மகளுக்கும் இதே பூவால் கை சிவந்துவிடும் என்றார். அம்மா அன்று காலையில் சுட்ட பணியாரம் ஒரு தட்டு நிறையக் கொடுத்தார்.

அம்மாவுக்கு இப்போது அந்தப் பூவைச் சரியாக அடையாளம் கண்டு பார்க்க வேண்டுமாம், தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். கால் தேற இன்னும் பத்து நாளாவது ஆகும். புல்லும்பூவும், ஜூலை கடைசியில் ஃபெல்ட்பெர்க்கில் பூ மிச்சம் இருக்குமா? அதிகம் ஏறாமல், பாதை ஓரத்திலேயே நின்று பார்க்கிற மாதிரி ஓர் இடம் இருந்தால் சொல்லுங்கள்.